உப்புக்காற்று வீட்டில் மூன்று விரிசல்: பீம், தளம், கைப்பிடிச் சுவர்

வீடு இருப்பது திசையன்விளைக்கும் உவரிக்கும் நடுவில், கடற்காற்று நேராக வந்து அடிக்கும் இடம். 1990களின் நடுவில் கட்டியது. 120 மி.மீ. கனத் தளம், அதில் 8 மி.மீ. முறுக்குக் கம்பி. முன்பக்கம் போர்டிகோவைத் தாங்கும் 230 × 380 மி.மீ. பீம், அதன் அடியில் 12 மி.மீ. கம்பி மூன்று. கலவைக்குத் தண்ணீர் அப்போது வளாகத்திலிருந்த கிணற்றுத் தண்ணீர். இப்போதைய புகார்கள்: தளத்தடியில் காரை பெயர்ந்து விழுகிறது, போர்டிகோ பீமின் அடி விளிம்பில் பழுப்புக் கறையோடு விரிசல், ஹால் பீமில் செங்குத்தாக நாலு மெல்லிய கோடு, மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரின் அடியோரம் நீள விரிசல், ஐப்பசி மழைக்கு அது வழியாக ஒழுக்கு.

வீட்டுக்காரர்கள் வழக்கமாகக் கேட்பது, “அண்ணாச்சி, நல்லாக் கொத்திட்டு ஒரு பூச்சு பூசிட்டா போதாதா?” என்றுதான். இங்கே அது ஏற்கெனவே ஒரு முறை நடந்திருந்தது. தளத்தடியில் முன்பு பூசிய 1:4 பூச்சு உளியின் முனை பட்டதும் ஒரே வில்லையாகக் கழன்று வந்தது. திருப்பிப் பார்த்தால் உட்பக்கத்தில் கம்பியின் முறுக்கு வரி அச்சாகப் பதிந்திருக்கிறது, அச்சு முழுக்க 2 மி.மீ. கனத்துக்குத் துருச் செதில். அந்தப் பூச்சு கான்கிரீட்டைப் பிடிக்கவில்லை, துருவைப் பிடித்திருந்தது. இரும்பு துருவானால் 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும். எம்20 கான்கிரீட் நசுக்கத்துக்குச் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் தாங்கும் என்றால், வளைந்து இழுபடும்போது 3 நியூட்டன் சொச்சத்திலேயே விட்டுவிடும். கம்பி உள்ளிருந்து தள்ளும்போது மேலே எத்தனை பூச்சு இருந்தாலும் நிற்காது.

கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது

முதலில் விரிசலின் இரு பக்கமும் 100 மி.மீ. அகலத்துக்குப் பெயிண்டையும் பூச்சையும் எடுக்க வேண்டும். பாதிக்குப் பாதி வீடுகளில் விரிசல் பூச்சோடு நின்றுவிடும், கான்கிரீட்டில் ஒன்றும் இருக்காது. கான்கிரீட்டிலும் தொடர்ந்தால் அகலத்தை அளக்கலாம். விரிசல் அளவு அட்டை இல்லையென்றால் பைக் மெக்கானிக் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் தகடு போதும். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456:2000 பொதுவாக 0.3 மி.மீ. வரை பொறுத்துக்கொள்கிறது. ஈரம் படும் உறுப்புக்கு 0.2, மிகக் கடுமையான சூழலுக்கு 0.1.

அகலத்தைவிட அதிகம் சொல்வது திசை. கம்பிக்கு இணையாக ஓடி, பழுப்புக் கறை வடிந்தால் துரு. பீமின் நடுப்பகுதியில் அடியிலிருந்து மேல் நோக்கிச் செங்குத்தாக வந்தால் வளைவினால் வந்தது. தூணை ஒட்டி 45 பாகையில் சாய்ந்து ஏறினால் அங்கே கை வைக்கக் கூடாது. முட்டுக் கொடுத்துவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். தளத்தின் மேல்முகத்தில் ஒழுங்கில்லாமல் வலை வலையாக இருந்தால், வார்த்த அன்றே காற்றில் ஈரம் பறந்து வந்த விரிசல். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் தளம் போட்ட வீடுகளில் இது சாதாரணம். மேற்பரப்பிலிருந்து மணிக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ தண்ணீர் பறந்தாலே இந்த விரிசல் வரும் என்பது நடைமுறைக் கணக்கு. காற்றாலை சுற்றும் வேகத்தில் அந்த அளவை எட்டுவது சுலபம்.

அடுத்த கேள்வி, விரிசல் இன்னும் நகர்கிறதா என்பது. குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் எபாக்ஸி வைத்து ஒட்டி, தேதி எழுதி விட வேண்டும். உடைந்தால் நகர்கிறது என்று பொருள், எவ்வளவு என்று அது சொல்லாது. அதற்கு இரு பக்கமும் ஒவ்வொரு ஆணிப்புள்ளி அடித்து வெர்னியர் அளவுகோலில் இடைவெளியை எழுதி வர வேண்டும். அளக்கும் நேரம் எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். காலை 6 மணி அளவும் மதியம் 3 மணி அளவும் கலந்தால் தளத்தின் சூட்டை அளந்ததாகத்தான் முடியும்.

இந்த வீட்டில் ஹால் பீமின் நாலு கோடும் 0.3 முதல் 0.4 மி.மீ., நகரவில்லை. கைப்பிடிச் சுவரோரக் கோடு காலைக்கும் மதியத்துக்குமே மாறியது. போர்டிகோ பீமில் 1.5 மி.மீ., கம்பிக்கு இணை, கறை. காரணம் மூன்று, ஆகவே வேலையும் மூன்று. மானூர், கங்கைகொண்டான் கரிசலில் வெயிலுக்குத் திறந்து மழைக்கு மூடும் சுவர் விரிசல் நாலாவது வகை. அங்கே கோளாறு அஸ்திவாரத்தில் என்பதால் இந்த முறைகள் எதுவும் அதற்குப் பொருந்தாது.

உப்பா, காற்றா

துரு என்று தெரிந்தபின்னும் ஒரு சோதனை பாக்கி. சாராயத்தில் (எத்தனால்) 1 சதவீதம் கரைத்த பினாப்தலின் கரைசலை, அப்போதுதான் உடைத்த கான்கிரீட் முகத்தில் தெளிக்க வேண்டும். தூசியை ஊதிவிட்டுத் தெளிக்கவும். டிரில் தூசி படிந்த முகம் பொய் சொல்லும். காரத்தன்மை உள்ள இடம் அடர் ரோஜாவாக மாறும். காற்றின் கரியமில வாயு ஏறி காரம் போன இடம் நிறமில்லாமல் நிற்கும்.

தளத்தடியில் மேற்பரப்பிலிருந்து 18 மி.மீ. வரை நிறமே வரவில்லை. கம்பி இருந்ததோ 10 மி.மீ. ஆழத்தில். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் கட்டை வைக்காமல் வார்த்திருக்கிறார்கள், கம்பியின் காரக் கவசம் போய்விட்டது, துரு தொடங்கியது. இது எளிய கேஸ். போர்டிகோ பீம் அப்படியில்லை. கம்பியைச் சுற்றி நல்ல ரோஜா நிறம், ஆனாலும் கம்பியில் குழி குழியாகத் துரு. உடைத்ததும் குழிக்குள் கரும்பச்சையாக ஈரத்தோடு இருந்தது, சில மணி நேரத்தில் காற்றுப் பட்டுப் பழுப்பானது. காரம் இருந்தும் துரு பிடித்தால் காரணம் குளோரைடு, அதாவது உப்பு.

உப்பு காற்றில் வந்ததா, கலவைத் தண்ணீரில் வந்ததா என்பதைத் துளைத்தூள் சொல்லும். 0–15, 15–30, 30–45 மி.மீ. என்று மூன்று ஆழத்தில் தூளைத் தனித்தனிப் பொட்டலமாக எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் குளோரைடு பார்க்க வேண்டும். உள்ளே போகப் போகக் குறைந்தால் வெளியிலிருந்து வந்தது. எல்லா ஆழத்திலும் ஒரே அளவென்றால் கிணற்றுத் தண்ணீர். சிமெண்ட் எடையில் 0.4 சதவீதத்தைத் தாண்டினால் துரு தொடங்கும் ஆபத்து என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இங்கே பீம் வெளியிலிருந்து வந்த வகை. தண்ணீரிலேயே கலந்த உப்பாக இருந்திருந்தால் ஒட்டுப்போடும் வேலையை எடுத்திருக்கவே கூடாது, பீமை முழுதாக மாற்றுவதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பழுது பார்க்கும் கலவைக்கும் இதே எச்சரிக்கை. ஐ.எஸ். 456 கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு விடும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்குள் இருக்கச் சொல்கிறது. டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது மொத்த உப்பு, குளோரைடு மட்டுமல்ல. ஆனாலும் அது 2000 காட்டும் போர்த் தண்ணீரைத் தொடாமல் விடுவதே நல்லது. இந்த வேலைக்கு மொத்தமாகத் தேவைப்பட்டது சில குடம் தண்ணீர். தாமிரபரணிக் கூட்டுக் குடிநீரில் கலக்கினால் முடிந்தது. அதற்குப்போய் உவர்த் தண்ணீரில் கைவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

முட்டு, கொத்தல், கம்பி

உளி எடுக்கும் முன் முட்டு. பீமின் அடியில் 1 மீட்டருக்கு ஒரு ஜாக்கி (இரும்பு முட்டுக்கால்), தளத்தடியில் பலகை வைத்து இரு திசையிலும் 1 மீட்டர் இடைவெளி. இந்தப் பக்கத்து மணல் தரையில் ஜாக்கிக் கால் நேராக நின்றால் புதையும். அடியில் 300 × 300 மி.மீ. கனப் பலகை வேண்டும். ஜாக்கியை இறுக்கும்போது பீமைத் தூக்கப் பார்க்கக் கூடாது, பாரத்தை வாங்கிக்கொண்டால் போதும்.

சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் ‘டிங்’ என்று கேட்கும், பெயர்ந்த இடத்தில் ‘பொத்’ என்று விழும். பொத்துச் சத்தம் முடியும் இடத்திலிருந்து 100 மி.மீ. வெளியே தள்ளிச் சாக்பீஸ் கோடு. அந்தக் கோட்டில் கட்டர் பிளேடால் 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டு. கம்பி 10 மி.மீ.இலேயே இருக்கும் இடத்தில் ஆழத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், பிளேடு கம்பியை வெட்டிவிடும். வெட்டு இல்லாமல் கொத்தினால் ஓரம் சரிந்து, புதுக்கலவை அங்கே 1, 2 மி.மீ.க்கு மெலிந்துவிடும். மெலிந்த ஓரம்தான் முதலில் சுருண்டு எழும். கட்டங்களைச் சதுரமாகவோ செவ்வகமாகவோ வைக்கவும். உள்நோக்கிய மூலை விடக் கூடாது, அங்கே சுருக்க விரிசல் பிறக்கும்.

கம்பியின் பின்பக்கம் 20 மி.மீ. இடைவெளி வரும்வரை கொத்த வேண்டும். வேலையில் ஏமாற்று நடப்பது இங்கேதான். முன்பக்கம் மட்டும் கொத்தி பிரஷ் போட்டுவிட்டால் கம்பியின் பின்பாதி பழைய உப்புக் கான்கிரீட்டிலும் முன்பாதி புதுக்கலவையிலும் இருக்கும், துரு அதே இடத்தில் தொடரும். விரல் நுனி கம்பிக்குப் பின்னால் தாராளமாகப் போய்வந்தால் சரி என்று சொல்லிக்கொடுத்தால் கையாளுக்கும் புரியும். 5 கிலோ எடைக்கு உட்பட்ட சின்ன டெமாலிஷன் ஹேமர் போதும். பெரிய மெஷின் போட்டால் நல்ல கான்கிரீட்டிலும் நுண்விரிசல் விழுந்து ஒட்டு பலவீனமாகும்.

துருவைக் கம்பி பிரஷ் மட்டும் வைத்து எடுக்க முடியாது. கிரைண்டரில் முடிச்சுக் கம்பிச் சக்கரம் மாட்டி, குழிகளில் மணல் வீச்சு. பாஸ்பாரிக் அமிலத் துரு நீக்கி பூசினால் குறித்த நேரத்தில் நல்ல தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும். தேங்கிய அமிலம் பக்கத்துக் கான்கிரீட்டைத் தின்னும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம். வெளியேற்றப் பார்ப்பதே குளோரைடு, அதையே ஊற்றுவதில் என்ன நியாயம்?

சுத்தமான பிறகு வெர்னியர். 8 மி.மீ. கம்பி தளத்தடியில் சில இடங்களில் 6.9 மி.மீ. காட்டியது. விட்டத்தில் 1.1 மி.மீ. குறைவு சின்னதாகத் தெரியும். பரப்பில் (6.9 ÷ 8)² = 0.74, அதாவது கால்வாசிக் கம்பி போய்விட்டது. பீமின் 12 மி.மீ. கம்பிகளில் இரண்டு 11.2 காட்டின, இழப்பு 13 சதவீதம், அப்படியே விடலாம். ஓரக் கம்பி 10.4, இழப்பு 25 சதவீதம். 20 சதவீதத்தைத் தாண்டினால் கூட ஒரு கம்பி வைப்பது பாதுகாப்பு. எம்20 கான்கிரீட்டில் எஃப்.இ.415 தரக் கம்பியின் ஒட்டு நீளம் (கான்கிரீட்டை முழுதாகப் பிடிக்கத் தேவையான நீளம்) விட்டத்தைப்போல 47 மடங்கு: 12 மி.மீ.க்கு 564, 8 மி.மீ.க்கு 376. அரித்த இடத்துக்கு இரு பக்கமும் முறையே 575, 400 மி.மீ. நல்ல கம்பியோடு சேர்ந்து ஓடும்படி வைத்துக் கட்டுக்கம்பியால் கட்ட வேண்டும். பழைய முறுக்குக் கம்பியில் வெல்டிங் வைக்காதீர்கள். அதன் பலமே குளிர்நிலையில் முறுக்கியதால் வந்தது. சூட்டில் அது இறங்கிவிடும்.

கம்பிக்குப் பூச்சு: துத்தநாகம் நிறைந்த எபாக்ஸி பிரைமர் அல்லது சிமெண்ட்-பாலிமர் பூச்சு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் சிமெண்ட் அடிப்படையிலான கம்பிப் பூச்சுகளில் பல காலம் வேலை செய்திருக்கிறது. கடற்கரைப் பகுதி வேலைகளில் அந்த வகை இன்றும் புழக்கத்தில் உள்ளது. எதுவானாலும் பளபளப்பு வந்த கம்பியில்தான் பிடிக்கும். துருவின் மேல் எபாக்ஸி அடிப்பது உள்ளே துருவைப் பூட்டி வைப்பதுதான்.

உப்பு ஏறிய பீமுக்கு இன்னும் ஒரு சிக்கல். ஒட்டுப்போட்ட இடத்தில் கம்பி நலமாகிவிடும். அதை ஒட்டிய பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்கும். முன்பு துருப்பிடித்துக்கொண்டிருந்த பகுதிதான் பக்கத்துக் கம்பியை மின்வேதி முறையில் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்ததும் துரு ஒட்டின் விளிம்புக்கு நகர்ந்து, புது இடத்தில் தொடங்கும். சரியாகச் செய்த ஒட்டுகூடச் சில ஆண்டில் ஓரத்தில் வெடிப்பது இதனால்தான். இதற்கு ஒட்டின் விளிம்புக்குள் கம்பியில் தியாகத் துத்தநாகக் கட்டி கட்டலாம். துத்தநாகம் தான் கரைந்து கம்பியைக் காக்கும். கட்டி மாட்டும் கம்பியில் எபாக்ஸி பூச்சு இருக்கக் கூடாது, மின்தொடர்பு அறுந்துவிடும். ஆகவே பீமில் கட்டி, பூச்சு இல்லை. தளத்தில் பூச்சு, கட்டி இல்லை. இரண்டையும் ஒரே கம்பியில் செய்துவிட்டுக் கூடுதல் பாதுகாப்பு என்று நினைப்பது காசுக்குக் கேடு.

தளத்தடி: கையால் ஒட்டும் கலவை

கொத்திய பரப்பு மொத்தம் 1.2 சதுர மீட்டர், சராசரி ஆழம் 45 மி.மீ. அதாவது 54 லிட்டர் கலவை. எடைக்கணக்கில் சிமெண்ட் 1, மணல் 3, எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (பால் போன்ற செயற்கை ரப்பர்த் திரவம்) சிமெண்டில் 17 சதவீதம் என்று வைத்தால், சிமெண்ட் 26 கிலோ, மணல் 77 கிலோ, லேடெக்ஸ் 4.5 கிலோ, தனித் தண்ணீர் 6 முதல் 7 லிட்டர். சிந்துவது தனி, 10 சதவீதம் கூட்டிக்கொள்ளவும். ஒரு தடவைக்குக் கலப்பது சிமெண்ட் 5 கிலோ, மணல் 15 கிலோ, லேடெக்ஸ் 900 கிராம், தண்ணீர் 1.2 லிட்டர். அரை மணிக்குள் தீர்க்க வேண்டும். கலவையைக் கையில் உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது.

மணல் 2.36 மி.மீ. சல்லடையில் சலித்த எம்-சாண்ட், கழுவியது. கல்தூள் அதிகமுள்ள மணல் தண்ணீரைக் குடிக்கும், சுருக்கம் கூடும். தேரி மணல் பொடியாக ஒரே அளவில் இருக்கும், அடைவு வராது. கடல் மணலைப் பற்றிப் பேச்சே இல்லை.

முந்தின நாள் இரவு பழைய கான்கிரீட்டை நனைத்துவிட்டு, காலையில் மேல் ஈரம் காயவிட வேண்டும். உள்ளே ஈரம், மேலே பளபளப்பில்லாத மந்த நிறம். லேடெக்ஸும் சிமெண்டும் சம எடையில் குழைத்த ஒட்டுக்குழம்பைப் பிரஷால் தேய்த்து, பிசுபிசுப்பு இருக்கும்போதே கலவையை அழுத்த வேண்டும். ஆனிக் காற்றில் இந்தப் பிசுபிசுப்பு 10 நிமிடம்கூட நிற்காது. காய்ந்த ஒட்டுக்குழம்பு ஒட்டுவதற்குப் பதிலாகப் பிரிக்கும் படலமாகிவிடும். அப்படிக் காய்ந்தால் சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். ஒரு கை அகலம் தேய்ப்பது, அந்த இடத்தை நிரப்புவது, பிறகு அடுத்த கை அகலம். காற்றுப் பக்கம் தார்ப்பாய் கட்டிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளைப் பசை வகை (பி.வி.ஏ.) ஒட்டுப்பொருள் வெளிவேலைக்கு ஆகாது, ஈரம் பட்டால் திரும்பக் கரையும்.

தலைக்கு மேல் ஒட்டும்போது ஒரு அடுக்கு 12 மி.மீ. அதற்கு மேல் அப்பினால் தன் எடையிலேயே தொங்கி, கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் இடைவெளி விடும். முதல் அடுக்கில் கலவையைக் கம்பியின் பின்னால் கட்டை விரலால் திணிக்க வேண்டும், கரணை அங்கே எட்டாது. ஒவ்வொரு அடுக்கும் இறுகும் முன் கரணை நுனியால் கீறிவிட்டு, மறுநாள் ஒட்டுக்குழம்போடு அடுத்தது. 45 மி.மீ.க்கு நாலு அடுக்கு. கடைசி அடுக்கை இழைக்கும்போது தண்ணீர் தெளித்துத் தேய்க்கும் பழக்கம் கொத்தனார்களுக்கு உண்டு. லேடெக்ஸ் கலவையில் அதைச் செய்தால் மேலே பால் படலம் எழுந்து உரியும்.

போர்டிகோ பீம்: ஊற்றும் மைக்ரோ கான்கிரீட்

பீமின் அடியில் கவர் 25, வளையக் கம்பி 8, முதன்மைக் கம்பி 12, பின்னால் 20. ஆழம் 65 மி.மீ. இவ்வளவு கனத்தைக் கையால் அப்புவதைவிடப் பெட்டி அடித்து ஊற்றுவது நல்லது. 3 மீட்டர் நீளம் × 0.23 × 0.065 = 45 லிட்டர். மைக்ரோ கான்கிரீட் என்பது தண்ணீர் மட்டும் சேர்த்து ஊற்றும் ஆயத்தக் கலவை. 25 கிலோ மூட்டை ஏறத்தாழ 12 லிட்டர் தரும். 4 மூட்டை கணக்கு, 5 வாங்கினால் நிம்மதி. தண்ணீர் மூட்டையில் போட்டிருக்கும் அளவுதான், அளவுக் குவளையில். இளக வேண்டும் என்று அரை லிட்டர் கூட ஊற்றினால் மேலே தண்ணீர் பிரிந்து, பழைய கான்கிரீட்டுக்கும் புதியதற்கும் இடையில் மெல்லிய வெற்றிடம் நிற்கும். அது வெளியே தெரியாது, தட்டினால் மட்டும் தெரியும்.

பெட்டியின் ஒரு பக்கப் பலகையைப் பீமிலிருந்து 50 மி.மீ. விலக்கி, ஊற்றும் வாயை நிரம்ப வேண்டிய மட்டத்துக்கு மேல் 100 மி.மீ. உயர்த்தி வைக்க வேண்டும். அந்த உயரத்தின் அழுத்தம்தான் கலவையை மறுபக்கம்வரை தள்ளி, மேலேயுள்ள பழைய முகத்தோடு இறுக்கும். ஊற்றுவது ஒரே பக்கத்திலிருந்து, நிறுத்தாமல். மறுபக்கத்தில் மேல் ஓரம் சின்ன இடைவெளி விட்டால் காற்று அது வழி போகும். அங்கே கலவை எட்டிப்பார்த்ததும் அடைத்துவிடலாம். இருபக்கமும் ஊற்றினால் காற்று நடுவில் சிக்கும். பெட்டியின் சந்துகளை நுரைப் பட்டையும் களிமண்ணும் வைத்து அடைத்து, முந்தின நாளே தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்க்க வேண்டும். இந்தக் கலவை தண்ணீர் போகும் சந்தில் எல்லாம் போகும். ஊற்றும் முன் அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துவிட மறக்கக் கூடாது.

பலகையை 48 மணி கழித்து எடுத்து, வாயில் துருத்தி நிற்கும் பகுதியை அப்போதே செதுக்கிவிடலாம். இன்னும் நாள் விட்டால் உளி தெறிக்கும். முட்டு 14 நாள் நிற்கட்டும்.

ஹால் பீம்: எபாக்ஸி ஏற்றுதல்

நகராத, உலர்ந்த விரிசலுக்கு மட்டுமே இது. விரிசலின் காரணம் பாரம் கூடியதா என்று பொறியாளர் கணக்குப் பார்த்த பிறகு செய்ய வேண்டும். பலம் பற்றாத பீமை எபாக்ஸி பெரிதாக்காது. ஒட்டிய கோட்டுக்குப் பக்கத்திலேயே புதுக்கோடு விழும்.

அளவு பார்ப்போம். ஒரு கோடு 0.4 மி.மீ. அகலம், பீமின் 230 மி.மீ. கனம் முழுக்க, 250 மி.மீ. உயரம். கன அளவு 23 மி.லி. நாலு கோட்டுக்கும் 92 மி.லி., அதாவது 100 கிராம் சொச்சம். குழாயிலும் குவளையிலும் வீணாவதைச் சேர்த்தாலும் 500 கிராம் தாண்டாது. 5 கிலோ வேண்டும் என்று யாராவது எஸ்டிமேட் கொடுத்தால், மீதி எங்கே போகிறது என்று கேட்கலாம்.

விரிசலைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்து, நிப்பிளை (பிசின் ஏற்றும் சிறு குழாய்முனை) விரிசல் மேலேயே ஒட்டுவது நல்லது. துளைபோட்டு நட்டால் டிரில் தூள் மெல்லிய விரிசலை அடைத்துக்கொள்ளும். இடைவெளி 150 மி.மீ.; இரு முகத்திலும், அடியிலும். நிப்பிள்களுக்கு இடையே எபாக்ஸி பட்டி 3 மி.மீ. கனம், 40 மி.மீ. அகலம். ஒரு ஊசிமுனைச் சந்து விட்டாலும் பிசின் அது வழி வடிந்துவிடும், அழுத்தம் ஏறாது. பட்டி இறுக ஒரு இரவு.

பிசினும் கெட்டியாக்கியும் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும், கண்ணளவு கூடாது. 35 டிகிரி வெயிலில் பயன்படும் நேரம் டப்பாவில் போட்டிருப்பதில் பாதிதான். 200 கிராமுக்கு மேல் ஒரே குவளையில் கலந்தால் தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகும். விடிகாலையில் ஏற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கான்கிரீட் குளிர்ந்து சுருங்கியிருக்கும், விரிசல் சற்று அகன்றிருக்கும். பிசின் இறுகிய பின் வெயிலில் அந்த இடம் நெருக்கத்துக்குத்தான் போகும், இழுப்புக்குப் போகாது.

கீழ் நிப்பிளில் தொடங்கி, சதுர செ.மீ.க்கு 2 முதல் 4 கிலோ அழுத்தத்தில் மெதுவாக. அடுத்த நிப்பிளில் பிசின் குமிழில்லாமல் வந்ததும் கீழதை மூடிவிட்டு மேலதற்கு மாற வேண்டும். 0.3 மி.மீ. கோட்டில் பிசின் நகர நேரம் எடுக்கும். பொறுமை இழந்து பம்பை இறுக்கினால் பட்டி பெயரும், சில சமயம் விரிசலே அகலும். மறுமுக நிப்பிளில் பிசின் வரவில்லையென்றால் நடுவில் தூசி அடைத்திருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து தனியாக ஏற்ற வேண்டும். 24 மணிக்குப் பிறகு நிப்பிளை வெட்டிவிட்டுப் பட்டியைக் கிரைண்டரில் மழித்துவிடலாம்.

கைப்பிடிச் சுவரோரம்

10 மீட்டர் தளம் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 2 மி.மீ. நீளும். அதன் மேல் உட்கார்ந்த செங்கல் சுவர் அப்படி நீளாது. நடுவில் விரிசல் வரத்தான் செய்யும், சிமெண்ட் வைத்து அடைத்தால் பக்கத்தில் வரும். நகர விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் தடுப்பதுதான் வழி. 12 மி.மீ. அகலம், 12 மி.மீ. ஆழத்துக்குச் சதுர வெட்டு. அடியில் ஒட்டாத பட்டை அல்லது நுரைக்கயிறு. மேலே பாலியூரிதேன் சீலண்ட் 6 முதல் 8 மி.மீ. கனம். அடியிலும் ஒட்டிக்கொண்டால் சீலண்டால் ரப்பராக இழுபட முடியாது, நடுவில் கிழியும். 600 மி.லி. சாசேஜ் (நீளப் பொட்டலச் சீலண்ட்) ஒன்று 12 × 8 மி.மீ. வெட்டில் ஆறேகால் மீட்டர் வரும்.

ஈரம் காப்பது, பிறகு பார்ப்பது

லேடெக்ஸ் கலவைக்கு முதல் ஒரு நாள் ஈரச் சாக்கு, பிறகு நிழலில் காயவிட வேண்டும். லேடெக்ஸ் படலம் உருவாக அது உலர வேண்டும். மைக்ரோ கான்கிரீட்டுக்கு நேர்மாறு, 7 நாளாவது சாக்கு காயக் கூடாது. சிமெண்ட் கடையில் பெரும்பாலும் பி.பி.சி. (சாம்பல் கலந்த போஸோலானா சிமெண்ட்) கிடைக்கும் என்பதால், அதைப் போட்டு ஜல்லிக் கான்கிரீட்டாகச் செய்த வேலைக்கு 10 நாளும், வெயில் காற்றில் 14 நாளும் ஈரம் வேண்டும். வேலைக்கு நல்ல காலம் தை முதல் பங்குனி வரை: மழை ஓய்ந்திருக்கும், மேல்காற்று தொடங்கியிருக்காது.

28 நாள் கழிந்ததும் ஒட்டு முழுவதையும் மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும். பொத்துச் சத்தம் வந்த கட்டத்தை முழுதாக எடுத்துவிட்டுத் திரும்பச் செய்வதுதான் முறை, துளைபோட்டு எபாக்ஸி ஏற்றிச் சமாளிப்பது அரைவேலை. சரியாக இருந்தால் பீமுக்கும் தளத்தடிக்கும் கரியமில வாயு தடுக்கும் அக்ரிலிக் பூச்சு இரண்டு கோட்டு. ரீபவுண்ட் ஹேமர் (அடித்துத் திரும்பும் அளவை எண்ணாகக் காட்டும் சுத்தியல்) வைத்துப் பலம் பார்ப்பவர்கள், பழைய கான்கிரீட்டின் காரம் போன மேற்தோல் நிஜத்தைவிட அதிக எண் காட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கார்த்திகை மழை முடிந்ததும் ஒட்டைச் சுற்றி 300 மி.மீ. வளையத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். ஒட்டின் நடுவைவிட அந்த வளையத்தில்தான் அடுத்த துரு முதலில் காதில் விழும். பொத்துச் சத்தமோ, பழுப்புக் கோடோ தெரிந்தால் சாக்பீஸால் வட்டமிட்டுத் தேதி எழுதிவிட்டு, துத்தநாகக் கட்டி மாட்டிய இடத்திலிருந்து அது எவ்வளவு தூரம் என்று அளந்து குறித்து வைக்கவும்.